நடு ஆற்றில் நாலு கோடு

குருமண்வெளியில் ஏற்றினால் மண்டூரில் இறக்க வேணும்.
நடுவில் இறக்கிவிட்டு
முழுக் காசையும் வாங்க எனக்கு அனுமதியில்லை.
வெயிலில் வெளுத்த பலகையில் எழுதியிருக்கு:
ஆள் இருபத்தைந்து. சைக்கிள் எட்டு.
மிதவைச் சட்டை இருபத்தைந்து.
ஆறு மாதத்துக்கு ஒருக்கால் ஒருவர் வந்து
சட்டைகளை எண்ணுவார்,
வார் அறுந்ததை எழுதிக்கொண்டு போவார்.
அவரில் எனக்குக் கோபமில்லை.
எண்ணத்தானே வேணும்.

மறுகா, அந்த இடம்.
மூன்றாவது தடிக்கும் நாலாவது தடிக்கும் நடுவில்
பாதை போகையில்
சட்டைப்பைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கும்.
எழுவான்கரைக் கோபுரம் எட்டிப் பிடிக்கிற கடைசித் தண்ணீர்.
நேற்று இரவு வர வேண்டியதெல்லாம்
அங்கேதான் வந்து சேரும்:
கட்டாரில் சம்பளம் போட்ட செய்தி,
நெல்லு விலை, பரீட்சை முடிவு,
களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரியில்
ஒருவர் விடியப்புறம் மூன்று மணிக்கு முடிந்துபோன சங்கதி.
அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் நான் காசு வாங்கவில்லை.

அதற்கங்கால் படுவான்கரை.
கம்பனியின் வரைபடத்தில் அது கடும் பச்சை.
வயலும் அதே பச்சைதான்;
கீறினவர் குழம்பியிருக்கலாம்.

முறைப்பாடு எழுதியது யோகநாயகி மிட்வைஃப்.
தும்பங்கேணியில் ஒரு பிள்ளைப்பேறு.
மூன்று தரம் எடுத்தார்கள். மூன்று தரமும்
"வலி எத்தனை நிமிசத்துக்கு" என்ற இடத்தில் அறுந்தது.
மூன்றுக்கும் காசு வெட்டியிருந்தது.
பிள்ளைக்கும் தாய்க்கும் ஒன்றுமில்லை,
உழவு மெசினில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.
அவவுக்குத்தான் ஆறவில்லை.
கம்பனிக்கு எழுதினா. போனை ஒருக்கால் அணைத்துப் போடுங்கள்
என்று பதில் வந்தது.
ஆணைக்குழுவுக்கு எழுதினா.
படிவத்தில் இடத்தின் வகை: வீடு, அலுவலகம், வீதி.
வயல் வரம்புக்குப் பெட்டி இல்லை.
வீதிக்குச் சரி போட்டா.

ஏழாம் மாதம் அளக்க வந்தார்கள்.
கொழும்பு வாகனம், கூரையில் நாலு கொம்பு.
"பட்டிருப்புப் பாலத்தால சுத்திப் போகலாம்" என்றேன்.
டிரைவர் மணியைப் பார்த்தான்.
வாகனத்தைக் கரையில் விட்டுவிட்டு
நிசங்சலா என்றொரு பிள்ளை
கருவியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினா.
நல்ல பிள்ளை. மிதவைச் சட்டையைக்
கேட்டு வாங்கிப் போட்ட முதல் ஆள் அவதான்.
அந்த இடத்தில் கருவி நாலு கோடு காட்டியது.
எழுதினா.
அக்கரையில் அது ஒன்றும் பறையவில்லை.
அதையும் எழுதினா.
இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால்
போதுமான அளவு வருமாம்.
"விதி அப்படி" என்றா, குரல் தணிந்து.

நான் கணக்கில் கெட்டிக்காரனில்லை.
ஆனால் என் பாதை
ஒரு தரம் மிதந்து ஒரு தரம் தாண்டால்,
சராசரி பார்த்து விடுங்கோ என்று
சட்டை எண்ணுகிறவரிடம் சொல்லிப் பார்க்க வேணும்.

கார்த்திகையில் கடிதம் வந்தது, ஓரம் நனைந்து.
மிட்வைஃப் பாதையில் நின்றபடி வாசித்தா:
தங்களை இரு தடவைகள் தொலைபேசியில் அழைத்தோம்.
தொடர்புகொள்ள முடியவில்லை.
ஆகையால் முறைப்பாடு முடிவுறுத்தப்படுகிறது.
ஒருவரும் பறையவில்லை.
மறுகா மீன்பெட்டிக்காரன் சிரித்தான்.
அவவும் சிரித்தா,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து.

இப்ப நான் ஒரு வேலை செய்கிறேன்.
மூன்றாவது தடி தாண்ட மெசினை நிற்பாட்டுகிறேன்.
நடு ஆற்றில் நிற்கப்படாது; பலகையில் கடைசி வரி.
காற்று எங்களை மெல்லத் திருப்பும்.
கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள், வர வேண்டியது வர.
மிட்வைஃப் வார்டுக்கு எடுத்து
அடுத்த கிழமை வரப்போகிறவளுக்குக்
கட்டில் சொல்லிவைப்பா.

போன தரம் சட்டை எண்ண வந்தவர் கேட்டார்,
"நடுவில நிற்பாட்டிறியாமே?
உன்னில முறைப்பாடு வந்திருக்கு.
விளக்கம் கேட்டு ரெண்டு தரம் எடுத்தம்,
நீ தூக்கயில்ல."

எந்தக் கரையில் நின்றேனோ.